கல்லின் உட்காரும் பக்கம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? உங்கள் பழைய எண்ணுக்கு அழைத்தால் "உபயோகத்தில் இல்லை" என்று ஒரு பெண் சொல்கிறாள். பதினோரு முறை சலிக்காமல் சொல்லிவிட்டாள். இனியும் அவளைத் தொந்தரவு செய்ய மனமில்லை. கிளம்பும்போது ஒரு முகவரி எழுதிக் கொடுத்தீர்களே, அதை நம்பித்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் போய் ஐந்து மாதம். வங்கி மாற்றலில் அண்ணன் போய் நான்கு மாதம். மாதத்தின் முதல் சனிக்கிழமை வருகிறார், துணி துவைத்துக்கொள்கிறார், ஞாயிறு மாலை ரயிலேறிவிடுகிறார். உங்கள் பேச்சை அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எடுக்காத பேச்சு என்பதால் வீடு முழுக்க அதுதான் கேட்கிறது.

போவதற்கு முன் அந்தப் பெரிய கடல்மீன் தொட்டியை ஒரு ஹோட்டலுக்குக் கொடுத்துவிட்டார். மீன், கல், பம்பு, விளக்கு எல்லாம் சேர்த்து. நான் அன்றைக்கு அச்சகத்தில் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் கூடத்தில் ஐந்தடி நீளத்துக்கு வெளுத்த தரை. "சொன்னா நீ அழுவேன்னு தெரியும், அதான் சொல்லல" என்றார். அழத்தான் செய்தேன். ஆனால் தொட்டி இருக்கும்போதே அழுதிருந்தால் அதனிடம் சொல்லிக்கொண்டாவது அழுதிருப்பேன்.

மூன்று அறை வீட்டில் ஒருத்தி. சமையலறைக் குழாய் சொட்டினால் படுக்கையறையில் கேட்கிறது. அதனால் ஒரு காரியம் செய்தேன். இரண்டடியில் ஒரு தொட்டி வாங்கிவிட்டேன். இப்போதைக்கு வெறும் கண்ணாடி. கல் வாங்கப் போனேன். கடைக்காரர் ஒரு பக்கம் கோணிப்பையில் காய்ந்த கல்லைக் காட்டினார். இன்னொரு பக்கம் தண்ணீர்த் தொட்டியில் கடல் பூச்சிகளும் பாசியுமாக லைவ் ராக்.

"எது வேணும்?"

"எது நல்லது?"

"உங்களுக்கு அவசரமா, பொறுமையா?"

"தெரியலையே."

"அப்ப வீட்ல கேட்டுட்டு வாங்க."

வீட்டில் கேட்டுவிட்டு வா என்றால் நான் யாரைக் கேட்பேன்? அந்தப் பழைய தொட்டியில் அண்ணனுக்கு மீன்தான் தெரியும். கல் ஒவ்வொன்றும் நீங்கள் பொறுக்கி நீங்கள் அடுக்கியது. எழுத நேரமில்லையென்றால் காய்ந்ததா, உயிருள்ளதா என்று ஒரே ஒரு வார்த்தை போதும்.

என்றும் உங்கள்,
எலி


மார்ச் 12

எலிக்கு,

காய்ந்தது.

அண்ணி


மார்ச் 17

அன்புள்ள அண்ணிக்கு,

உறையைக் கையில் வாங்கியபோதே கனமில்லையே என்று சந்தேகப்பட்டேன். ஒரு வார்த்தை போதும் என்று நான் எழுதியது மரியாதைக்கு. அதைப் போய் யாராவது அப்படியே எடுத்துக்கொள்வார்களா? தந்தியில்கூட 'நலம்' என்று சேர்த்துப் போடுவார்களாமே.

சரி, ஏன் காய்ந்தது? நான் படித்த இரண்டு புத்தகங்களும் லைவ் ராக் பக்கம்தான் நிற்கின்றன. அதில் ஏற்கெனவே நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன, தண்ணீர் சீக்கிரம் பதப்படும், பத்து நாளில் மீன் விடலாம் என்கின்றன. காய்ந்த கல் என்றால் முதல் இரண்டு மாதம் தொட்டியில் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காத வீட்டில் எதுவும் நடக்காத தொட்டி எதற்கு, சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீங்கள் போன அன்று அச்சகத்திலிருந்து நான் வரும்போது உங்கள் பெட்டி வாசலில் இருந்தது. என் தலையில் கை வைத்தீர்கள், ஆட்டோ வந்துவிட்டது. என்ன நடந்தது என்று அண்ணனைக் கேட்டதற்கு, "அவளுக்கு இந்த ஊர விட்டு வர இஷ்டம் இல்ல" என்றார். இஷ்டமில்லாதவர் எப்படி இந்த ஊரை விட்டே போனீர்கள்? நானும் பிழை திருத்துகிறவள்தான், அண்ணி. அந்த வாக்கியத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

கோபமில்லையென்றால் இந்த முறை இரண்டு வார்த்தையாவது எழுதுங்கள்.

உங்கள்,
எலி


மார்ச் 29

அன்பு எலிக்கு,

கோபமில்லை. இங்கே வந்ததிலிருந்து வார்த்தை குறைந்துவிட்டது, அவ்வளவுதான். டயர்க் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். பாதி திறந்து வைக்கப் பழகிக்கொண்டேன். காலையில் பல் லேபுக்குப் போகிறேன். செட் பல், கேப், பாலம் என்று கையில் வந்ததைச் செய்கிறேன். மேசை முழுக்க யார் யாருடைய வாயோ அச்சாக உட்கார்ந்திருக்கிறது. பகலெல்லாம் எனக்கு எதிரே இத்தனை வாய்கள் இருந்தும் ஒன்றும் பேசுவதில்லை. இந்தக் கடிதத்தை எழுதும்போது என் குரலே எனக்குப் புதிதாக இருக்கிறது.

கல்லுக்கு வருகிறேன். உயிருள்ள கல்லில் என்ன ஒளிந்து வருகிறதென்று யாருக்கும் தெரியாது. உன் அண்ணன் முதலில் வாங்கிய கல்லுக்குள் ஒரு நண்டு இருந்ததே, மறந்துவிட்டாயா? நான்கு மீன் போன பிறகுதான் அது இருப்பதே தெரிந்தது. காய்ந்த கல் மெதுவானது. ஆனால் அதில் பின்னால் எது வந்தாலும் உனக்குத் தெரிந்துதான் வரும்.

கடையில் கல்லைக் கையில் எடுத்துப் பார். கண்ணுக்குப் பெரிதாகவும் கைக்கு லேசாகவும் இருக்க வேண்டும். அப்படியென்றால் உள்ளே துளை நிறைய என்று அர்த்தம். நுண்ணுயிர் குடியிருப்பது அந்தத் துளைகளில்தான். மூக்கருகே கொண்டு போ. அழுகல் வாடை வந்தால் திருப்பி வைத்துவிடு. அழகான பக்கம் எது என்று தேடாதே, உட்காரும் பக்கம் எது என்று தேடு. மூன்று இடத்தில் தரையைத் தொட்டு, விரலால் தள்ளினால் ஆடாமல் இருக்கிறதா? அதுதான் உன் கல். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாமலே நிற்க வேண்டும். நான் செய்கிற கேப்பும் அப்படித்தான். பொருத்தத்தில் நிற்க வேண்டும், பசை சும்மா காவலுக்கு. கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே உன் கை போகிற அளவு இடம் விடு, துடைக்க வேண்டியிருக்கும்.

இனி நீ கேட்ட இன்னொன்று. செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, அங்கே என் பழைய லேபுக்குப் போனேன். என் மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதலாளி எழுந்து வந்து கை குலுக்கினார். "போறீங்கன்னு சார் போன் பண்ணிச் சொன்னாரு. நீங்களே சொல்லக் கஷ்டப்படுவீங்கன்னும் சொன்னாரு. பன்னெண்டு வருஷம், ரொம்ப நன்றிம்மா" என்றார். மாற்றல் கேட்டு வாங்கியிருந்ததையும், என் சார்பில் என் வேலையை விட்டதையும் உன் அண்ணன் எனக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் கேட்டேன். "உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான்" என்றார். அவர் முகத்தில் உண்மையிலேயே சந்தோஷம் இருந்தது, எலி. அதைப் பார்த்துத்தான் பயந்தேன். அடித்திருந்தால்கூட அடிக்கிறவர் என்று தெரிந்திருக்கும். இவரிடமிருந்து எது எப்போது வரும் என்று நான் எப்படிக் காத்திருப்பது?

இந்த முகவரி உனக்கு மட்டும்தான். அவருக்கு வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. படித்துக்கொண்டே சாப்பிடாதே.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கல்லைப் பற்றிய பகுதியை ஐந்து முறை. மற்றதைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியாமல் மூன்று வாரம் ஓடிவிட்டது. எனக்கு இது தெரியாது அண்ணி. தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்த ஆட்டோவில் நானும் ஏறியிருப்பேனோ என்னவோ.

போன முறை வந்தபோது அண்ணனிடம் கேட்டேவிட்டேன். உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை, லேப்காரரைப் பார்த்ததாகச் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. "நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார். காலரைத் திருப்பிப் போட்டுவிட்டு, "தப்புதான்" என்றார். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சொன்னார். இளைத்துப்போயிருக்கிறார். ஒரே ஒரு முறை நேரில் பார்த்துப் பேசினால் என்ன? நான் சும்மா கேட்கிறேன்.

நீங்கள் சொன்னபடி காய்ந்த கல்தான் வாங்கினேன். கோணியை முழுக்கக் கொட்டவைத்து ஒவ்வொன்றையும் எடுத்து எடைபோட்டு முகர்ந்து பார்த்தேன். கடைக்காரர், "யம்மா, அது கல்லு. மாம்பழம் இல்ல" என்றார். நான்கு கல் நீங்கள் சொன்ன மாதிரியே உட்காரும் கல். ஐந்தாவதில்தான் தவறிவிட்டேன். வில் மாதிரி வளைந்த ஒரு கல், நடுவில் மீன் நுழைந்து போகிற வழி. அதற்கு உட்காரும் பக்கமே இல்லை. தெரிந்தும் கீழே வைக்க மனம் வரவில்லை.

ஆனால் பயப்படாதீர்கள், ஒட்டிவிட்டேன். பரணில் உங்கள் பொருள்கள் இருந்த பெட்டியில் வெள்ளை மாவு டப்பாவும் ரப்பர்க் கிண்ணமும் இருந்தன. பழைய தொட்டிக்கு நீங்கள் அதில்தானே கலந்து கல்லை ஒட்டுவீர்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேனே. அதே கிண்ணம், அதே கரண்டி. கலக்கும்போது கிண்ணம் சூடாகியதும் உங்கள் கை ஞாபகம் வந்தது. அரை மணியில் பாறையாக இறுகிவிட்டது. உப்புத் தண்ணீர் நிரப்பி, பம்பு போட்டாகிவிட்டது. தண்ணீர் பதப்பட்டதும் இரண்டு சின்ன மீன் விடலாம் என்றிருக்கிறேன். இனிக் குழாய் சொட்டினால் கேட்காது.

நீங்கள் இருந்து பார்த்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

உங்கள்,
எலி


மே 2

எலி,

எந்த மாவு? டப்பாவில் நீல மூடியா, சிவப்பு மூடியா? நீல மூடி என்றால் உடனே தண்ணீரை இறக்கி, அந்த வளைந்த கல்லைக் கீழே எடுத்து வை. இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிடமே செய். காரணம் பிறகு எழுதுகிறேன்.

உன் அண்ணனைப் பற்றிச் சும்மா கேட்பதுகூட வேண்டாம்.

அண்ணி


மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

வீட்டில் கடல் வந்துவிட்டது.

நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் அந்த வளைந்த கல் முன்பக்கக் கண்ணாடி மேல் சாய்ந்து கிடக்கிறது. கண்ணாடியில் கீழிருந்து மேலாக ஒரு கோடு. அந்தக் கோடு என் கண் முன்னாலேயே நீண்டது. வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். பிறகு இரண்டு கையாலும் கண்ணாடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அதனால் என்ன பயன் என்று கேட்காதீர்கள். முழுத் தண்ணீரும் என் மேலேயே வந்தது.

கீழ்வீட்டு டைலர் மூச்சிரைக்க மேலே வந்தார்.

"என்னம்மா, கூரையிலேர்ந்து ஊத்துது! துணியெல்லாம் போச்சு!"

"தொட்டி ஒடஞ்சிடுச்சு சார்."

விரலால் சுவரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புக் கரிக்குது? மேல என்ன கடலா வச்சிருக்கே?" என்றார். என்னைப் பார்த்தார், தலையிலிருந்து சொட்டச் சொட்ட, கையில் பிரஷோடு. சண்டை போட வந்தவர் போய்த் துடைப்பம் எடுத்து வந்தார். தைக்க வந்த பள்ளிச் சீருடைகளை இரண்டு பேரும் சேர்ந்து நல்ல தண்ணீரில் அலசிப் போட்டோம். மாலை வரைக்கும் ஆயிற்று.

மீன் விடவில்லை, அது ஒன்றுதான் நல்லது. ஒட்டிய இடம் பாலில் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. அரை மணியில் பாறையானது பதினைந்து நாளில் எப்படி இப்படி ஆகும்? நான் என்ன தவறு செய்தேன்?

எலி


மே 14

என் அசட்டு எலிக்கு,

நாம் இரண்டு பேரும் எழுதியது வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கிறது. உன் கடிதத்தை லேபில் வைத்துப் பிரித்தேன். "வாயில் நுரையோடு" என்ற இடத்தில் ஆரம்பித்த சிரிப்பு, டைலர் சுவரை நக்கிய இடத்தில் நிற்கவே இல்லை. பக்கத்து மேசைப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஏழு மாதத்தில் அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. "உங்களுக்குச் சிரிக்க வருமாக்கா?" என்று கேட்டாள்.

அது பல் அச்சு வார்க்கிற மாவு, பைத்தியமே. காற்றில் பாறையாக நிற்கும், தண்ணீரில் மெல்ல மெல்லக் கரையும். நான் கல் ஒட்டியது செட் பல்லுக்கு ஈறு செய்கிற பிசினால். தூளையும் திரவத்தையும் கலந்தால் இறுகும், எந்தத் தண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது. சிவப்பு மூடி டப்பா. நிறம் இளஞ்சிவப்பு. இது உனக்குத் தெரியாமல் போனது எப்படி என்று யோசித்தேன், பிறகு புரிந்தது. பழைய கல் முழுக்க இளஞ்சிவப்பாகப் பாசி படர்ந்திருந்தது. ஒட்டிய இடமும் பாசிதான் என்று நினைத்திருக்கிறாய். அந்தத் தொட்டியில் இருந்த கல்லுக்கெல்லாம் ஈறு வைத்தவள் நான். உன் அண்ணனுக்கும் அது தெரியாது.

தவறு உன் மேல் மட்டும் இல்லை. காகிதத்தில் கல் பொறுக்கக் கற்றுக் கொடுக்கலாம் என்று நினைத்தேனே, அது என் தவறு. ஜூன் 13, சனிக்கிழமை எனக்கு லேப் விடுமுறை. காலை ரயிலில் வந்து இரவு ரயிலில் திரும்பிவிடலாம். அதற்குள் வேறு தொட்டி வாங்கி வை. பத்து மணிக்கு அந்தக் கடைக்கு வா. நானே பொறுக்கித் தருகிறேன்.

ஒரு நிபந்தனை. நான் பார்க்க வருவது கல்லையும் உன்னையும். வேறு யாரையும் இல்லை. யாருக்கும் சொல்லாதே. சரியென்றால் எழுது, இல்லையென்றால் வரவில்லை.

அன்புடன்,
அண்ணி


மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

சரி, சரி, சரி. மூன்று முறை எழுதிவிட்டேன், போதுமா? யாரிடமும் மூச்சு விடமாட்டேன்.

தொட்டி வாங்கிவிட்டேன், இதுவும் இரண்டடி. வளைந்த கல்லைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் அதை வாங்கி, "இதுக்குத்தான் எல்லாரும் விழறாங்க" என்று பழைய இடத்திலேயே வைத்தார். உங்கள் அறையில் புதுத் திரை மாட்டினேன். நீங்கள் தங்கப் போவதில்லை, தெரியும். இருந்தாலும் மாட்டினேன். மதியம் வெளியே சாப்பிடலாமா, வீட்டில் சமைக்கட்டுமா? நான் சமைத்தால் நீங்கள் குறை சொல்லாமல் சாப்பிட வேண்டும்.

உங்களோடு பேச வேண்டியதை ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். முன்பக்கம் முடிந்து பின்பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

ஜூன் 13, பத்து மணி.

உங்கள்,
எலி


ஜூன் 15

எலிக்கு,

நான் வந்தேன். அது உனக்குத் தெரிய வேண்டும்.

ரயில் சீக்கிரம் வந்துவிட்டது. கடைக்காரர் ஷட்டர் தூக்கும்போதே போய் நின்றேன். ஒரு மணி நேரம் பார்த்து நான்கு கல் எடுத்து வைத்தேன். மூன்று காய்ந்தவை. ஒன்று உயிருள்ளது. திருப்பித் திருப்பி எல்லாத் துளையிலும் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டேன், நண்டு இல்லை. நான் சொன்னதை நானே மாற்றிக்கொண்டேன். வெறும் காய்ந்த கல்லோடு மாதக்கணக்கில் நீ தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன், மனம் கேட்கவில்லை. அதை நடுவில் வை. அதில் இருப்பது மற்ற மூன்றுக்கும் தானாகப் பரவும். ஒரு வருடம்கூட ஆகலாம். நான்கும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாமல் நிற்கும், கடையிலேயே அடுக்கிப் பார்த்துவிட்டேன்.

பிறகு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து உனக்காகக் காத்திருந்தேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பஸ்ஸிலிருந்து நீ இறங்கினாய். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாய், நன்றாக இருக்கிறது. எழுந்து கை தூக்கப் போனேன். உனக்குப் பின்னால் அவர் இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கடையின் பின்வழியாகப் போனேன். மதிய ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் இருந்தேன்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எனக்கு நல்லது என்றுதான் செய்திருப்பாய். அதுதான், எலி. எனக்கு எது நல்லது என்று என்னைக் கேட்காமலே ஒருவர் முடிவு செய்தார், அந்த வீட்டை விட்டு வந்தேன். இப்போது நீயும் செய்திருக்கிறாய். உன்னிடமிருந்தும் எது எப்போது வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இந்த மாதக் கடைசியில் வேறு அறைக்குப் போகிறேன். புது முகவரியை அனுப்பப் போவதில்லை. உன் முகவரி என்னிடம் இருக்கிறது. எழுத வேண்டும் என்று எனக்கு எப்போதாவது தோன்றினால் எழுதுவேன். தோன்றாமலும் போகலாம். அந்த ஒன்றையாவது யாரும் எனக்காகச் செய்துவிடாமல் இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


ஜூன் 22

அன்புள்ள அண்ணிக்கு,

மாதம் முடிவதற்குள் இது உங்களுக்குக் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். பதிலுக்காக எழுதவில்லை. நடந்ததை உள்ளபடி சொல்லிவிட வேண்டும், அதற்கு மட்டும்.

பத்தாம் தேதி அண்ணன் போனில் கூப்பிட்டார். ஏதேதோ பேசிவிட்டு, "அவ எப்படி இருக்கா, உனக்கு ஏதாவது தெரியுமா?" என்றார். இத்தனை மாதத்தில் முதல்முறை. குரல் அண்ணன் குரலாக இல்லை. சொல்லிவிட்டேன். அவர் என்னை வற்புறுத்தவில்லை. நானாகத்தான் சொன்னேன். மூன்று முறை 'சரி' எழுதிய அதே கைதான் கடை இருக்கும் தெருவையும் மணியையும் சொல்லும்போது போனைப் பிடித்திருந்தது. நீங்கள் இரண்டு பேரும் ஒரே கடையில், ஒரே கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள், நான் பின்னால் நிற்பேன். என் மனதில் அவ்வளவு தூரம் ஓடிவிட்டது. அது உங்களுக்கு நல்லது என்று நினைத்தேன் என்பதுகூடப் பொய். எனக்கு நல்லது என்று நினைத்தேன். எனக்கு அந்த வீடு திரும்ப வேண்டியிருந்தது.

பஸ்ஸில் வரும்போது அண்ணன் மிகவும் உற்சாகமாக இருந்தார். "லேப் முதலாளிகிட்ட பேசிட்டேன். அவள ஜூலையிலேர்ந்து திரும்ப எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. அவகிட்ட இன்னும் சொல்லல. சர்ப்ரைஸ்" என்றார்.

அப்போதுதான் புரிந்தது, அண்ணி. ஜன்னல் வழியாகக் கடை தெரிய ஆரம்பித்துவிட்டது. நீங்கள் வந்திருக்கக் கூடாது, ரயில் தாமதமாகியிருக்க வேண்டும், உங்களுக்குக் காய்ச்சல் வந்திருக்க வேண்டும் என்றெல்லாம் வேண்டிக்கொண்டே இறங்கினேன். பதின்மூன்றாம் தேதிக்காக நாள் எண்ணியவள் நான்தான்.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், "இப்பத்தான் எதிர்ல போனாங்க. அந்தம்மா கல்ல பல்லு பாக்கற மாதிரி பாத்தாங்க" என்றார். பன்னிரண்டரை வரை நின்றோம். அண்ணன் மூன்று முறை தெருமுனை வரை போய் வந்தார். திரும்பும்போது உங்கள் முகவரியைக் கேட்டார். இல்லை என்றேன். "உங்கிட்ட இருக்கு" என்றார். "இருக்கு, ஆனா தரமாட்டேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரை இருக்காமல் அன்றைக்கே ரயிலேறிவிட்டார். இந்த வாரம் போன் வரவில்லை. நானும் செய்யவில்லை.

லேப் முதலாளியை நேரில் பார்த்து, யாரும் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். இதையும் உங்களைக் கேட்காமல்தான் செய்தேன். ஆனால் இதைச் செய்யாமல் விட முடியவில்லை.

கல்லை அடுக்கிவிட்டேன். கடையில் நீங்கள் அடுக்கியதைக் கடைக்காரர் ஒரு அட்டையில் வரைந்து வைத்திருந்தார். ஆடவில்லை. உயிருள்ள கல்லில் இரண்டு நாள் ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு துளையிலிருந்து இறகு மாதிரி ஏதோ வெளியே வந்தது. நகத்துண்டு அளவுதான். நான் இருமியதும் உள்ளே போய்விட்டது. இப்போது கூடத்தில் மெதுவாக நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். மீன் வாங்கவில்லை. "கல்ல மட்டும் வச்சுப் பாத்துட்டு இருக்கப் போறீங்களா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன்.

முந்தாநாள் வீட்டுக்காரர் வந்தார். "ஒத்த ஆளுக்கு எதுக்கும்மா மூணு ரூமு? உங்க அச்சகத்துக்குப் பக்கத்திலேயே சின்னதா ஒரு வீடு இருக்கு. நான் சொன்னா குடுப்பாங்க" என்றார். நல்ல வீடுதான், போய்ப் பார்த்தேன். நடந்தே வேலைக்குப் போகலாம், பால்கனி உண்டு, அடுத்த வீட்டில் அச்சகத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். இரண்டு நாள் யோசித்தேன்.

இன்று காலை அவரிடம், தண்ணீர் நிரப்பிய தொட்டியை நகர்த்த முடியாது சார் என்று சொல்லி, இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் இருக்கும் முகவரியில்தான் இருப்பேன்.

எலி